பழைய சொகுசு டூரிங் கார் விலைக்கு வந்தால்: கொங்கு நாட்டில் வாங்குபவருக்கான முழுமையான வழிகாட்டி

பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நம் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி ஓடுமா?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் வார்ப்பட்டறைக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமே இல்லை. பம்பும் மில் இயந்திரமும் செய்து பழகிய கைகள் அவை. வால்வு கைடு, தண்ணீர் பம்பு, பல்சக்கரம், பிஸ்டன் என எதற்கும் மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அச்சு செய்து வார்த்துக் கடைந்து தருவதற்கு ஆள் கிடைப்பார். உலகத்தின் பல ஊர்களில் பழைய கார்க்காரர்களைத் தூங்கவிடாத எஞ்சின் கவலை, கொங்கு நாட்டில் பணமும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துவிடும்.

இங்கே எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாதவை இரண்டு உண்டு. ஒன்று வண்டியின் காகிதம். மற்றொன்று அதன் அசல் உடல். இரண்டையும் போலியாகச் செய்யலாம், ஆனால் அசலாகச் செய்ய முடியாது. ஆகவே காகிதம், எண்கள், பாடி, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ், அதற்குப் பிறகு எஞ்சின் என்ற வரிசையில் இந்த வழிகாட்டி போகிறது.

எதை வாங்கப் போகிறீர்கள்

இரண்டு வரிசை இருக்கை, பின்னால் மடக்கிவைக்கும் துணிக்கூரை, கண்ணாடி இல்லாத கதவு, மழை வந்தால் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளும் திரை ஆகியவை சேர்ந்தது டூரிங் கார். 1920களின் நடுப்பகுதி வரை பெரிய கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தன. அதன்பின் மூடிய கார்கள் முந்திக்கொண்டன. உலகக் கார் கழகங்கள் 1919 முதல் 1930 முடிய உள்ள வண்டியை வின்டேஜ் என்று கணக்கிடுகின்றன. நம் நாட்டுச் சட்டமோ, முதல் பதிவு நடந்து ஐம்பது ஆண்டுகள் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை அந்தப் பிரிவில் சேர்க்கிறது. விற்பவர் எந்தக் கணக்கில் பேசுகிறார் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விலை அதைப் பொறுத்தது.

நம் பகுதியில் மில்களும் தோட்டங்களும் பெருகிய காலமும் இந்தக் கார்களின் காலமும் ஏறக்குறைய ஒன்று. ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டது 1920-ல். பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்தபின் கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தன. பண்ணை வீட்டிலும் மில் முதலாளி வீட்டிலும் பெரிய கார் நின்றது அப்படித்தான்.

முதல் முறை வாங்குபவருக்கு நான் இரண்டு வண்டிகளைச் சொல்வேன். முதலாவது 1920களின் ஆறு சிலிண்டர் ப்யூக். வால்வுகள் எஞ்சினின் தலைப்பகுதியில் இருப்பதால் வேலை செய்யக் கை எட்டும். 1924 மாடலிலிருந்து நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. இரண்டாவது ரோல்ஸ்-ராய்ஸ் டுவெண்டி. 1922 முதல் 1929 வரை வந்தது, 3,127 சி.சி., ஆறு சிலிண்டர். மொத்தம் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவே செய்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஆரம்பகால டுவெண்டியில் மூன்று கியரும் பின்சக்கர பிரேக்கும்தான் இருக்கும். 1925-லிருந்தே நான்கு கியரும் நான்கு சக்கர பிரேக்கும் வந்தன. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஓட்டும்போது இரண்டும் வேறு வேறு வண்டிகள். நாலாயிரம், ஐயாயிரம் அடி மலை ஏறி இறங்கும் ஆசை இருப்பவர் பின்சக்கர பிரேக் மட்டும் உள்ள வண்டியை வாங்க வேண்டாம்.

விலை பேசுவதற்கு முன் அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் ஒரு முழுநாள் செலவிடுங்கள். 2015-ல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் பழைய வண்டிகளை நெருங்கி நின்று பார்க்கலாம். மட்கார்டின் வளைவு, கதவின் இடைவெளி, விளக்கின் உயரம் எல்லாம் கண்ணில் பதிந்தால்தான் பிறகு தவறானது கண்ணில் உறுத்தும்.

முதல் படி: வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

விற்பவரிடம் முதலில் ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் நகலையும் கேளுங்கள். பழைய புத்தகத்தில் கைமாறிய பெயர்கள் வரிசையாக இருக்கும். கடைசிப் பெயரும் உங்களோடு பேசுபவர் பெயரும் ஒன்றா? பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. தாத்தா பெயரிலோ, எப்போதோ மூடிய ஒரு மில்லின் பெயரிலோ இருக்கும்.

தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வாரிசுகள் அனைவரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்திருந்தால் அந்தப் பத்திரத்தில் கார் யார் பங்குக்குப் போனது என்று பாருங்கள். நிலத்தையும் வீட்டையும் நகையையும் நுணுக்கமாகப் பிரித்தவர்கள், கொட்டகையில் கிடந்த காரைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டிருப்பார்கள். அன்று அதற்கு மதிப்பில்லை, இன்று இருக்கிறது. நீங்கள் வாங்கிச் சீர்செய்து, படம் பத்திரிகையில் வந்த பிறகு வெளியூரில் இருக்கும் சித்தப்பா மகன் பங்கு கேட்டு வருவது கொங்கு நாட்டில் நடக்காத கதை அல்ல. வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரிடமே நேரில், "ஐயா, இந்த வண்டியை விற்பதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா?" என்று கேட்டுவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்காமல் வாங்குவதுதான் பின்னால் மனக்கசப்பாக முடியும்.

உரிமையாளர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, பிறகு உங்கள் பெயருக்கு வாங்குவதே சரியான வழி. "எல்லாம் சேர்த்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஆர்.சி. புத்தகமே தொலைந்துவிட்டது என்றால், சம்பந்தப்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகப் பதிவேட்டில் அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று விற்பவரே விசாரித்துத் தரட்டும். அது அவர் வேலை.

இரண்டாம் படி: எண்கள்

ஒரு நல்ல டார்ச்சு, கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய் நனைத்த துணி, கைப்பேசி ஆகியவற்றோடு போங்கள். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தகட்டில் சேசிஸ் எண் இருக்கும். தகடு மட்டும் போதாது, ஏனென்றால் தகட்டைக் கழற்றி மாட்டலாம். சேசிஸ் சட்டத்திலேயே குத்தப்பட்ட எண்ணைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கிரீஸ், பெயிண்ட், துரு எனப் பல அடுக்கின் கீழ் இருக்கும். மெதுவாகத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே அச்சில் இருக்கின்றனவா, சுற்றியுள்ள இரும்பு அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கூர்ந்து பாருங்கள். எஞ்சின் எண்ணையும் இப்படியே எடுத்து, இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

ரோல்ஸ்-ராய்ஸ் வாங்குபவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஒவ்வொரு சேசிஸுக்கும் தொழிற்சாலை எழுதிவைத்த அட்டைகள் இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. முதலில் வாங்கியவர் யார், பாடி கட்டியது எந்த நிறுவனம் என்பன போன்ற விவரங்கள் அவற்றில் கிடைக்கும். விற்பவர் "மகாராஜா வைத்திருந்த வண்டி" என்று சொன்னால், எண்ணைக் கொடுத்து அந்த அட்டையின் நகலை வரவழையுங்கள். மகாராஜா கதைக்கு விலையில் பெரிய தொகை ஏற்றியிருப்பார்கள். அட்டையில் ஒரு மருத்துவரின் பெயர் இருக்கக்கூடும்.

அமெரிக்க வண்டிகளில் இன்னொரு விவரம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் பாகங்களைச் சேர்த்துக் கார்களைப் பூட்டத் தொடங்கிவிட்டது. எனவே அதன்பின் வந்த ப்யூக், செவர்லே வண்டிகளில் அமெரிக்க மாடலோடு சிறு வேறுபாடுகள் இருந்தால் உடனே போலி என்று ஒதுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: பாடி

உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். அந்தக் காலத்துச் சொகுசு காரில் தகட்டுக்குள்ளே மரச்சட்டம் இருக்கும். இங்கிலாந்தில் ஆஷ் மரம். இந்தியாவில் கட்டியதிலும் பழுது பார்த்ததிலும் தேக்கு. மேலே அலுமினியமோ இரும்புத் தகடோ ஆணியடித்துப் போர்த்தியிருப்பார்கள். தகடு பளபளவென்று இருந்து உள்ளே மரம் மாவாகிப் போயிருந்தால் நீங்கள் வாங்குவது வெறும் கூடு.

கதவிலிருந்து தொடங்குங்கள். கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலும் கீழுமாக மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீல் மட்டும் ஆடினால் சிறு வேலை. கீல் பிடித்திருக்கும் தூணே சேர்ந்து ஆடினால் உள்ளே மரம் போய்விட்டது. பிறகு தரைவிரிப்பை எடுக்கச் சொல்லுங்கள். பலகையைக் கழற்றி, தூண்கள் அடிச்சட்டத்தில் சேரும் இடத்தை மெல்லிய ஊசிமுனைக் கம்பியால் அழுத்துங்கள். நல்ல மரத்தில் முனை நிற்கும். கெட்ட மரத்தில் சத்தமில்லாமல் இறங்கும். விற்பவர் இந்தச் சோதனைக்கு மறுத்தால் அதுவே பதில்.

வண்டி எங்கே நின்றது என்பதும் முக்கியம். காங்கயம், தாராபுரம் பக்கம் வறண்ட காற்றில் நின்ற வண்டியில் துரு குறைவு; ஆனால் மரம் உலர்ந்து பொருத்துகள் விலகியிருக்கும், சக்கர ஆரக்கால்கள் சுருங்கியிருக்கும். பொள்ளாச்சித் தோப்புக் கொட்டகையில் நின்றதென்றால் கரையானையும் எலியையும் தேடுங்கள். இருக்கைக்குள் இருக்கும் குதிரைமுடித் திணிப்பும் ஒயர் மேலிருக்கும் பருத்திப் பின்னலும் எலிக்கு மிகவும் பிடித்தவை. வால்பாறை, நீலகிரித் தோட்டங்களிலிருந்து இறங்கிய வண்டி என்றால் மட்கார்டின் உள்விளிம்பிலும், தகடு மரத்தோடு சேரும் ஆணி வரிசையிலும் துரு நிச்சயம் இருக்கும்.

அடுத்தது, பாடி அசல் டூரர்தானா, அதாவது டூரிங் காராகவே கட்டப்பட்டதா என்ற கேள்வி. திறந்த காருக்கு விலை அதிகம் என்பதால் மூடிய காரின் கூரையை வெட்டி எடுத்து டூரர் ஆக்குவது உலகமெங்கும் நடந்திருக்கிறது. வெட்டிய வண்டியில் கதவுத் தூணின் மேல் முனை புதிதாக மூடப்பட்டிருக்கும். துணிக்கூரையின் வளைகம்புகள் மடங்கும்போது பின்னால் சீராக உட்காராது. கூரையை நீங்களே ஒருமுறை விரித்து, ஒருமுறை மடக்குங்கள். அசல் கூரை என்றால் கம்பும் பிடியும் பட்டையும் தத்தம் இடத்தில் வந்து விழும்.

பூச்சும் பேசும். குரோமியம் முலாம் கார்களில் பரவியது 1920களின் கடைசியில்தான். 1924 வண்டியின் ரேடியேட்டரும் விளக்கும் நீலம் கலந்த வெள்ளையாக மின்னினால், பின்னாளில் யாரோ முலாம் போட்டிருக்கிறார்கள். நிக்கலின் பளபளப்பு சற்று மஞ்சள் கலந்து மங்கலாக இருக்கும். இது வாங்கக் கூடாத குறை அல்ல. விலையைக் குறைக்க வேண்டிய குறை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீடு இருந்த காலத்தில் கரிவாயு அடுப்பு பொருத்தி வண்டிகளை ஓட்டினார்கள். பின்புறத்தில் காரணம் தெரியாத துளைகளும் ஒட்டுத் தகடும் இருந்தால் அதன் தழும்பாக இருக்கலாம். அத்தகைய தழும்பை நான் குறையாக நினைக்கவே மாட்டேன். முடிந்தால் அப்படியே காப்பாற்றச் சொல்வேன்.

பாடி வேலை தேவைப்பட்டால் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளின் பழைய ஆட்களை விசாரியுங்கள். மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திய தலைமுறை அங்கே இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: கெட்ட மரத்தை மட்டும் மாற்ற வேண்டும். "எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகவே கட்டிவிடலாம், அதுதான் சுலபம்" என்று எந்த ஆசாரி சொன்னாலும் கேட்காதீர்கள். அவருக்குச் சுலபம்தான். உங்கள் கையில் எஞ்சுவது பழைய எண் ஒட்டிய புது வண்டி.

நான்காம் படி: சேசிஸ், சக்கரம், பிரேக்

சேசிஸ் சட்டத்தின் இருபுறமும் நூல் கட்டிப் பாருங்கள். வளைவும் பற்றவைப்பும் தெரிந்துவிடும். ரிவெட் இருந்த இடத்தில் போல்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மர ஆரக்கால் சக்கரம் என்றால் ஜாக்கி போட்டுத் தூக்கி, இரு கைகளாலும் பிடித்து உலுக்குங்கள். 'கிரீச்' என்ற சத்தம் வந்தால் ஆரக்கால் சுருங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து இறுக்கிக் காட்டுவது பழைய தந்திரம். ஒரு வாரத்தில் மறுபடி தளரும். ஆகவே முதல்நாள் வண்டி கழுவப்பட்டிருந்தால் இன்னொரு நாள் வந்து பாருங்கள். டயர் அளவை எழுதிக்கொள்ளுங்கள். 1920களின் தொடக்க வண்டிகளில் விளிம்பு கவ்வும் பழைய வகை டயர் இருக்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் உண்டு. நான்கு டயர், ட்யூப், ஓர் உபரி என்று கணக்கிட்டால் பெரிய செலவு.

பிரேக் எல்லாம் கம்பியும் தண்டும்தான். ஒவ்வொரு மூட்டிலும் சிறு தேய்மானம் இருந்தால் மொத்தத்தில் மிதி தரையைத் தொட்டுவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம். முள்ளாணிகளும் புஷ்ஷும் கடைவது கோவையில் அரைநாள் வேலை.

ஐந்தாம் படி: எஞ்சின்

நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். "இப்போதுதான் கிளப்பினோம்" என்றால் காத்திருங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும்.

முதலில் சுவிட்சை அணைத்து, கிராங்க் கம்பியால் மெதுவாகச் சுற்றுங்கள். ஆறு சிலிண்டரிலும் எதிர்ப்பு ஒரே மாதிரி இருக்கிறதா என்று கையே சொல்லும். இந்த எஞ்சின்களின் அழுத்தம் இன்றைய கார்களின் பாதிதான் இருக்கும். அழுத்தமானியில் எண் சிறியதாக வந்தால் திகைக்க வேண்டாம். சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு குறைவாக இருப்பதே முக்கியம்.

இனி கிளப்ப வேண்டும். ஸ்டீயரிங் நடுவிலோ அதன் அருகிலோ இருக்கும் தீப்பொறி நேரத்தை மாற்றும் நெம்புகோலைத் தாமதப் பக்கம் தள்ளிவையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் கிராங்க் எதிர்த்து உதைக்கும், மணிக்கட்டு முறியும். பழைய மில் பிட்டர்கள் பக்கத்தில் நின்றால் முதலில் சொல்வது இதைத்தான்: "கட்டைவிரலை மடக்காதீர்கள், தம்பி." ஐந்து விரலும் கம்பியின் ஒரே பக்கம் இருக்க வேண்டும்; கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது.

கிளம்பியதும் ஆயில் அழுத்தத்தைப் பாருங்கள், பிறகு காதைக் கொடுங்கள். இந்த எஞ்சின்களில் கிராங்க் ஷாப்ட் ஓடுவது வெள்ளீயக் கலவை ஊற்றிய ஒயிட் மெட்டல் பேரிங்கில். ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தூக்கும்போது 'டக் டக்' என்று கேட்டால் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கிறது. சுமை கொடுக்கும்போது அடியிலிருந்து கனமான 'தொம்' என்று வந்தால் மெயின் பேரிங். பழைய ஆயில் எஞ்சின் வேலை தெரிந்த பட்டறைகளில் ஒயிட் மெட்டல் ஊற்றிக் கடைகிறவர்களைத் தேடினால் கிடைப்பார்கள். ஆனால் எஞ்சின் முழுவதும் இறங்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

இங்கிலாந்தில் இந்தக் கார்களின் பிளாக் குளிரில் தண்ணீர் உறைந்து வெடிக்கும். நம் சமவெளியில் அந்தப் பயம் இல்லை. நமக்கு எதிரி போர்வெல் தண்ணீர். அவிநாசி, திருப்பூர் பக்கத்து உப்புத் தண்ணீரைப் பல ஆண்டுகள் ஊற்றிய எஞ்சினில் வெள்ளைப் படிவம் கல்லாக இறுகி வழியை அடைத்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரல்விட்டுத் தடவிப் பாருங்கள். கால்மணி நேரம் நின்றபடி ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேலும் கீழும் நடுவிலும் கை வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே அடைப்பு. தேன்கூடு வடிவ ரேடியேட்டரை எடுத்துவிட்டு லாரி ரேடியேட்டரின் உட்பகுதியை வைத்துத் தரும் வழக்கமும் உண்டு. குளிரும், ஆனால் முகம் கெட்டுவிடும்.

டீசல் எஞ்சின் மாற்றிய வண்டியை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வின்டேஜ் பதிவுக்கே அது தடை.

ஓட்டிப் பார்க்கும்போது உரிமையாளரே ஓட்டட்டும். இந்தக் கியர் பாக்ஸில், கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் கிடையாது; அது முதன்முதலில் வந்ததே 1928-ல் கேடிலாக்கில்தான். இரட்டைக் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்சை இருமுறை மிதித்து, கியர் மாற்றத் தெரியாதவர் கையில் பல்சக்கரம் அரைபடும். கியர் தானாகக் கழன்று விழுகிறதா, நேரான சாலையில் ஸ்டீயரிங்கை விட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற இரண்டையும் மட்டும் நீங்கள் பாருங்கள்.

ஆறாம் படி: விலையும் ஒப்பந்தமும்

இந்தக் கார்களுக்குச் சந்தை விலை என்று நிலையாக ஒன்று கிடையாது. நல்ல நிலையில் இருக்கும் அதே மாதிரி வண்டியின் விலையிலிருந்து மரம், டயர், பேரிங், ரேடியேட்டர், குஷன் வேலை எல்லாவற்றையும் கழித்துவருவதே நியாயமான கணக்கு. அந்தக் கணக்கைத் தாளில் எழுதி விற்பவரிடமே காட்டுங்கள். தாத்தாவின் வண்டியை விற்கும் வீட்டாருக்கு விலையைவிட, அதை உடைத்து விற்றுவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை பெரிதாக இருக்கும். வண்டியை அப்படியே காப்பாற்றுவீர்கள் என்றால் அதை மனமாரச் சொல்லுங்கள்.

கழற்றி வைத்த உதிரிகள், பழைய விளக்கு, கருவிப்பெட்டி, கையேடு, பழைய படங்கள், பெட்ரோல் ரசீது எல்லாம் விற்பனையில் சேர்த்தி என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பரண்மேல் கிடக்கும் ஒரு மரப்பெட்டியில்தான் பெரும்பாலும் காணாமற்போன கார்புரேட்டர் பாகம் இருக்கும். பணம் வங்கி வழியாகவே போகட்டும். ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வண்டியை ஓட்டியோ கட்டி இழுத்தோ கொண்டுவர வேண்டாம். தட்டையான தளம் உள்ள லாரியில் ஏற்றுங்கள். கயிற்றை அச்சில் கட்டுங்கள், பாடியிலோ மட்கார்டிலோ கட்டாதீர்கள்.

ஏழாம் படி: வின்டேஜ் பதிவு

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்கெனத் தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது. ஐம்பது ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். படிவம் 20-ல் விண்ணப்பம். கூடவே காப்பீடு, பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டி என்றால் சுங்க நுழைவுச் சீட்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்ற தனி வரிசை கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழைய எண் உயிரோடு இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வண்டி எந்த மாவட்டத்தில் பிறவி எடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்தப் பதிவில் தினசரி ஓட்டம் கிடையாது, வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, ஆய்வு, வின்டேஜ் பேரணி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்ற கணக்கோடு வாங்குபவர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

எட்டாம் படி: முதல் ஆண்டு

வந்ததும் செய்ய வேண்டியது பெட்ரோல் வழியைச் சரிபார்ப்பது. இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்புரேட்டரின் மிதவை தக்கையால் செய்து அரக்கு வார்னிஷ் பூசியது. எத்தனால் அந்த அரக்கைக் கரைத்துவிடும். தக்கை ஊறி மூழ்கினால் பெட்ரோல் நிரம்பி வழியும், சூடான எஞ்சின் மேல் கொட்டும். தீப்பிடிக்க அது போதும். அதே அளவில் பித்தளை மிதவை செய்து மாட்டிவிட்டு, அசல் தக்கையைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்க்கை வடித்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும். தீயணைப்பான் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தண்ணீருக்கு வடித்த நீரோ மழைநீரோ மட்டும். வீட்டுக்குச் சிறுவாணிக் குழாய் இருந்தால் அதுவும் போர்வெல்லைவிடப் பல மடங்கு மேல்.

ஆயில் விஷயத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். பல ஆண்டுகளாகத் திறக்காத எஞ்சினின் அடியில் கசடு களிம்பாக உட்கார்ந்திருக்கும். கசடைக் கரைக்கும் இன்றைய ஆயிலை நேராக ஊற்றினால் அது கிளம்பி ஆயில் வழியை அடைக்கும். முதலில் அடித்தொட்டியை இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். அந்த வேலையிலேயே ஒயிட் மெட்டல் துகள் கிடக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மலைக்குப் போகும் பேரணியில் சேர்வதென்றால், முதலில் சிவன்மலை அல்லது மருதமலைப் பாதையில் கூட்டமில்லாத விடியற்காலையில் ஏற்றிப் பாருங்கள். அது நன்றாக முடிந்த பிறகு கல்லாறு வழியாகக் குன்னூர். இந்தக் கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்பு கிடையாது. எஞ்சினின் உறிஞ்சு விசையால் பின்டேங்க்கிலிருந்து இழுத்து, முன்னால் ஒரு சிறு வேக்குவம் டேங்க்கில் நிரப்பி, அங்கிருந்து கார்புரேட்டருக்கு இறங்கும். ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியபடி நீண்ட ஏற்றம் ஏறினால் உறிஞ்சு விசை குறைந்துவிடும். சிறு டேங்க் காலியாகி, கொண்டை ஊசி வளைவின் நடுவே வண்டி நின்றுவிடும். எனவே ஏறும்போது அவ்வப்போது சில விநாடி காலைத் தளர்த்துங்கள், டேங்க் நிரம்பிக்கொள்ளும். பர்லியாறில் நிறுத்தி ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வது வழக்கம் என்பதால் இறக்கத்துக்கும் தயாராகவே போங்கள். ஏற்றத்தில் எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதற்கும் ஒரு கியர் குறைத்து இறங்குங்கள். கியரை இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சிங்க்ரோமெஷ் இல்லாத வண்டியில் நடு இறக்கத்தில் கியர் மாற்ற முயன்று நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், வேகம் ஏறிய பிறகு எந்தக் கியரும் விழாது.